உன் தங்கையின் குரலில் நீ பேசியது

பிரபு,

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை, எடுக்கப் போவதுமில்லை. எடுத்தால் நீ சமாதானமாக நாலு வார்த்தை பேசுவாய், நான் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படி முடிகிற காரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதியதை உறையில் போட்டு ஒட்டி உன் கையில் மட்டும் கொடுக்கப் போவதும் இல்லை. நம் வீட்டில் நடந்ததை நீ மைக் பிடித்து ஊருக்குச் சொன்னாய். நானும் ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

உன் தங்கை கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நர்சிங் கடைசி வருஷம். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். "எழுதலன்னா போவுது" என்கிறாள். அடுத்த வாரம் நீ அவள் கல்லூரிக்கே வந்து, போனில் அதிகாரி வேஷம் போட்டுப் பணம் பறிக்கிறவர்களைப் பற்றி மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறாய் என்று அங்கே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்றே யூனிஃபார்மை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பணம் போன சமயத்தில்கூட திவ்யா இப்படி உட்காரவில்லை. அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள். அப்போது ஏமாற்றியவன் எவனோ. இப்போது அவளைப் பார்த்துச் சிரிக்க வைத்தது கூடப்பிறந்தவன்.

அரியாங்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நீ பேசப் போவதை நீ எனக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக் கஸ்தூரி சொன்னாள். அவள் பேத்தி அங்கேதான் படிக்கிறாள். "பேங்க்லேந்து ஒரு சார் வந்து பாடம் நடத்தப் போறாராம், பேரக் கேட்டா நம்ம பிரபு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நம் கருவடிக்குப்பத்திலிருந்து பஸ் மாறிப் பாலம் தாண்டி வந்து, வாசலில் இருந்த காவலாளியிடம் "பேசப் போறது எம்பையன்" என்று சொல்லி உள்ளே வந்தேன். ஒரு டீச்சர் பின்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார். திரையில் படம் படமாகப் போட்டு நீ விளக்கினாய். தெரியாத இணைப்பைத் தொடாதே, ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதே, எந்தப் போலீசும் போனில் கைது செய்யாது, எந்த அதிகாரியும் சரிபார்க்க வேண்டும் என்று பணம் கேட்க மாட்டார். எல்லாம் சரி. அதில் ஒரு குறையும் நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நீ அதைப் பார்த்துவிட்டாய். உடனே, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு கதை சொல்றேன்" என்று ஆரம்பித்தாய்.

போலீஸ் என்று சொன்னவனிடம் அந்தப் பெண் எப்படிப் பேசினாள் என்று நடித்துக் காட்டினாய். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மூக்கால் அழுகிற மாதிரி குரலை மாற்றி, "சார் சார், எங்கம்மாவுக்கு சுகர் இருக்குது சார், ஜெயில்ல வெச்சீங்கன்னா வேளைக்கு மாத்திர போடமாட்டாங்க சார்" என்றாய். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த பையன்கள் "சார் சார், சுகர் சார்" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சுகர்க்காரி நான், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் போன் செய்து, "ஏம்மா பாதில எழுந்து போயிட்ட, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா" என்று கேட்டாய். அத்தோடு நான் வைத்ததுதான்.

பெயர் சொல்லவில்லையே என்பாய். கஸ்தூரியின் பேத்திக்கு அம்மாவும் சுகரும் போதுமாக இருந்தது. அன்றைக்கே கஸ்தூரிக்குச் சொல்லி, கஸ்தூரி மறுநாள் தெருக்குழாயடியில் திவ்யாவைப் பிடித்து, "உன்னத்தான்டி சொல்லியிருக்கான் உங்கண்ணன், நல்லா நடிச்சானாம்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய் அப்படி. திவ்யா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பணம் போன அன்று நடந்தது என்ன என்று உனக்கு முழுக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ கேட்கவும் இல்லை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. முதலில் இந்தி, பிறகு இங்கிலீஷ். கோபமான குரல். நான் என்ன செய்வேன், தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். "இரு இரு சார், எம்பொண்ணு பேசும்" என்று சொல்லி, "திவ்யா, யாரோ ஆபீசர் பேசறாரு பாரு" என்று கொடுத்தேன். நான் போனைக் கொடுத்ததுதான் முதல் தப்பு என்று நீ சொன்னாய். ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குப் புரியாத பேச்சு வந்தால் புரிகிறவளிடம் கொடுக்காமல் அடுப்பிலா போடுவேன்? தமிழ் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டாஞ்சாவடி கம்பெனியில் சோப்பு பேக்கிங் செய்த காலத்தில் உறையைப் பார்த்துப் பார்த்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்றைக்குப் பேப்பரில் ஒரு வரி விடமாட்டேன். இங்கிலீஷ் ஏறவில்லை. அதற்காகத்தான் உங்களைப் படிக்க வைத்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எனக்காக அதிகாரிகளிடம் பேசுகிற வேலையை முதலில் எடுத்துக்கொண்டவன் நீ. உங்கப்பா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவர் எந்த ஆபீசுக்கும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கரண்டு பில்லில் ஏதோ தப்பாக வந்ததைக் கேட்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ அரைக்கால் சட்டை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நான் பேசப் பேச என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, நீ சொல்லு" என்றார் உன்னைப் பார்த்து. நீ சொன்னாய், சரியாகச் சொன்னாய். திரும்பும்போது உனக்குப் பேக்கரியில் கிரீம் பன் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் கேஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் நீதான். தெருவுக்கே நீதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவியை, நாம் சொல்தா வீட்டம்மா என்போமே, அவருக்குப் பென்ஷன் விஷயமாக யார் போன் செய்தாலும், "பிரபுவைக் கூப்பிடு" என்பார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவாய்.

பிறகு உனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திவ்யாவிடம் நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இனிமே அம்மா போன் வந்தா நீ எடு. ஆபீசருங்ககிட்ட மரியாதையா பேசணும். எதிர்த்துப் பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அம்மாவ டென்ஷன் பண்ணாத." அவள் அப்போது பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தலையாட்டினாள். நீ சொன்னதை அப்படியே வருஷக்கணக்காகச் செய்தாள். அந்தத் திருடனிடமும் அப்படியேதான் செய்தாள். மரியாதையாகப் பேசினாள், எதிர்த்துப் பேசவில்லை, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாள், என்னை டென்ஷன் பண்ணவில்லை. உன் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத்தான் நீ மேடையில் கோமாளி ஆக்கினாய்.

அவன் அவளிடம், உன் அம்மா பெயரில் யாரோ சிம் வாங்கிக் குற்றம் செய்திருக்கிறார்கள், உன் அம்மாமேல் வாரன்ட் இருக்கிறது என்றான். வீடியோவில் வந்தான், காக்கிச் சட்டை, பின்னால் ஏதோ பலகை. கதவைச் சாத்து, போனை அணைக்காதே, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் நீயும் உடந்தை என்றான். அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நான் கதவைத் தட்டி, "இன்னாடி பண்ற, டீ ஆறுது" என்றேன். "காலேஜ் வேலம்மா, அப்படியே வை" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரியாமல் நான் வெளியே நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டணத்துக்காக அவள் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பணம் முழுக்கப் போனது. சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம் என்றானாம். வெளியே வந்தபோது அவள் முகத்தில் பயம்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

பணம் திரும்பாது என்று அன்று சாயங்காலமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரிடம் சொன்னாள்? உன்னிடம். வங்கியில் இருக்கிற அண்ணனிடம். நீ என்ன செய்தாய்? "நீயெல்லாம் படிச்சவளா" என்று கத்தினாய். திருடனிடம் என் சுகரைச் சொல்லிக் கெஞ்சியதை அழுதுகொண்டே உன்னிடம்தான் சொன்னாள், வேறு யாருக்கும் தெரியாது. கடைசியில், "அம்மாகிட்ட சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றாய். திருடனும் அதைத்தான் சொன்னான், பிரபு. அம்மாவிடம் சொல்லாதே என்றான். இரண்டு பேர் சொன்னதையும் அந்தப் பிள்ளை கேட்டது. நீ என்ன பார்த்துக்கொண்டாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாட்கள் போயின. கல்லூரியில் கட்டணம் கேட்டபோதுதான் என்னிடம் சொன்னாள்.

நான் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அங்கே இருந்த பெண் போலீஸ் ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். "தெனமும் வர்றாங்கம்மா. டாக்டர் வர்றாரு, வாத்தியார் வர்றாரு. உம் பொண்ணு ஏமாளியெல்லாம் இல்ல. ஆனா அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா பணத்த நடுவுல நிறுத்தப் பாத்திருக்கலாம். எல்லாரும் வெக்கப்பட்டுகிட்டே நாளக் கடத்திடறாங்க" என்றாள். அந்த வெட்கத்தில்தான் திருடன் தப்பிக்கிறான். அவன் செலவில்லாமல் சம்பாதிக்கிற நேரம் அது. அந்த வெட்கத்தைக் கிலோ கணக்கில் நீ பள்ளிக்கூடத்தில் விநியோகம் செய்துவிட்டு வந்திருக்கிறாய். நாளைக்கு அந்த மண்டபத்தில் இருந்த ஒரு பிள்ளை ஏமாந்தால் யாரிடமாவது போய்ச் சொல்லுமா? "சார் சார், சுகர் சார்" என்று தன்னையும் நடித்துக் காட்டுவார்கள் என்று வாயை மூடிக்கொள்ளும்.

நான் கற்பனையில் பேசவில்லை. அன்று மண்டபத்தைவிட்டு வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்தேன். உன் பேச்சு முடிந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஆயா, தண்ணி வேணுமா" என்று பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டுக் கேட்டேன், "உங்க வீட்ல ஆபீசு போன் வந்தா யார் பேசறது?"

"நான்தான். எங்கப்பாவுக்கு வர்றது எல்லாம் நான்தான் பேசுவேன்."

பக்கத்தில் நின்றவளும், "நானும்தான் ஆயா. எங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, எங்க சித்தப்பா வீட்டுக்கும்" என்றாள்.

"சரி. ஒருத்தன் போன் பண்ணி உங்கப்பாவ அரெஸ்ட் பண்ணப் போறேன், பணம் கட்டுன்னா இன்னா பண்ணுவ?"

முதல் பெண் யோசிக்கவே இல்லை. "கட்டிடுவேன்."

"இப்பதான உள்ள சார் அவ்ளோ நேரம் சொன்னாரு."

"அது அந்தப் பொண்ணு லூசு மாதிரி பண்ணிச்சு ஆயா. நான் எங்கப்பாவுக்காகத்தான கட்டுவேன்."

பிரபு, நீ எத்தனை படம் காட்டினாயோ, எத்தனை முறை சிரிக்க வைத்தாயோ, அதற்கு விளைச்சல் இதுதான். நீ ஒரு முட்டாளைக் காட்டினாய். அந்தப் பிள்ளை, நான் முட்டாள் இல்லை, எனக்கு இது நடக்காது என்று நிம்மதியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ ஒரு நல்ல பெண்ணைக் காட்டியிருந்தால், அம்மாமேல் உயிரை வைத்திருக்கிற, கெட்டிக்காரியான, வீட்டுக்காக எல்லா அதிகாரியிடமும் பேசிப் பழகிய பெண்ணைக் காட்டியிருந்தால், அவள் சைக்கிளை எடுக்காமல் நின்றிருப்பாள். அது நான்தானே என்று நினைத்திருப்பாள். திருடன் பேராசைக்காரர்களை மட்டும் தேடுவதில்லை. பாசம் இருக்கிற வீட்டையும், அதிகாரி என்றால் எழுந்து நிற்கிற வீட்டையும் தேடுகிறான். நம் தெரு முழுக்க அந்த இரண்டும் உண்டு.

நான் அவளைச் சும்மா விடவில்லை, சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "போன வெச்சிட்டு உங்கப்பாகிட்ட ஓடு" என்றேன். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான ஆயா சொல்லுவாங்க" என்றாள். "சொல்லாதன்னு எவன் சொல்றானோ அவன்தான்டி திருடன். நெஜமான போலீசு வீட்டுக்கு வருவான், கையில பேப்பரோட வருவான், உங்கப்பா எதிர்லயே பேசுவான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். பயத்தில் தலையாட்டுவதும் பழைய வியாதிதான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டில் திவ்யாவை வைத்து முயற்சி செய்தேன். கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "நான் இன்ஸ்பெக்டர் பேசறேன், ஒங்கம்மா எங்க" என்று குரலைத் தடிப்பாக்கிப் பேசினேன். பல நாள் கழித்து அவள் சிரித்தாள். ஆனால் விளையாட்டு தொடர்ந்ததும் முகம் மாறிவிட்டது. "சார், ஒரு நிமிஷம் சார்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"வைடி போன" என்றேன்.

"இன்னா சொல்லிட்டு வெக்கறது?"

"ஒண்ணும் சொல்லாம வை."

"பேசிட்டிருக்கும்போதே வெச்சா மரியாத இல்லியேம்மா."

"திருட்டுப் பயலுக்கு இன்னாடி மரியாத?"

"திருட்டுப் பயன்னு உனக்கு இப்பத் தெரியும். அப்ப அவன் போலீசுதான?"

அவள் சொன்னதும் நிஜம்தான். இருந்தும் விடவில்லை. கத்தினேன், மிரட்டினேன், உன்னையும் பிடித்துக்கொண்டு போவேன் என்றேன். பாதிப் பேச்சில் போனை அணைக்க அவள் விரலுக்கு வரவே இல்லை. படித்த விரல், ஊசி போடுகிற விரல். நீ நடத்த வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. மேடையில் ஒரு பையனை அதிகாரி மாதிரி நிறுத்திக் கத்தச் சொல். ஒரு பெண்ணைப் பாதியில் வைக்கச் சொல். மரியாதைக் குறைவாக வைக்கச் சொல். கை வரும்வரை வைக்கச் சொல். அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் ஒருவருக்கும் சுலபமாக வராது.

கடைசியில் அவள் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, "அண்ணன் வரட்டும்மா" என்றாள். "நானும் அன்னிக்குப் போறேன். எல்லாரும் இருக்கும்போது அவன ஒரு கேள்வி கேப்பேன். நெஜமா பதில் சொன்னான்னா நான் மறுநாளும் காலேஜுக்குப் போவேன். மழுப்பினான்னா அன்னியோட சரி." என்ன கேள்வி என்று கேட்டேன். சொன்னாள். நீ தயாரில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன். உனக்கு நான் காட்டுகிற ஒரே சலுகை இது.

"உங்கம்மாவ இப்பவே புடிச்சிட்டுப் போவப் போறோம், யார்கிட்டயும் சொல்லாதன்னு உனக்கு அந்தப் போன் வந்திருந்தா, நீ இன்னாண்ணா பண்ணியிருப்ப?"

உடனே வைத்திருப்பேன் என்று சொல்லாதே. நீ வைத்திருக்க மாட்டாய். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். நானும் கொடுத்திருப்பேன் என்று அந்த மாணவிகள் அத்தனை பேர் முன்னாலும் சொல். என் தங்கை என்று பெயர் சொல்லிச் சொல், அவள் அதற்குச் சம்மதித்துவிட்டாள். அதற்குப் பிறகு உன் படங்களைப் போடு, கேட்பார்கள். அது முடியாதென்றால் உடம்புக்கு முடியவில்லை என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னையிலேயே இரு. வீட்டுக்கு நீ எப்போது வந்தாலும் சோறு போடுவேன். அந்தப் பதில் இல்லாமல் அவள் கல்லூரி வாசலை மட்டும் மிதிக்காதே.

உன் அம்மா